பவர் பட்டனை யார் அழுத்துவது?

தொலைவில் இருக்கும் என் கணினிக்கு ரீஸ்டார்ட் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்துவிட்டேன். திரை ஒரு நொடி அப்படியே நின்றது, அப்புறம் இணைப்பு போய்விட்டது என்று ஒரு வரி. எனக்கும் அந்தக் கணினிக்கும் நடுவே ஒரு முழு ராத்திரி ரயில் பயணம். தம்பிக்கு போன் போட்டேன். "அண்ணே, இதுல ரெண்டு பட்டன் இருக்கே, எது?" என்றான். "பெருசா இருக்கிறதுடா." "ரெண்டும் ஒரே சைஸ்தாண்ணே." அவன் அழுத்திக்கொண்டிருந்தது ரீசெட் பட்டன். அணைந்து கிடக்கிற கணினியில் அதை நூறு தடவை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. பத்து நிமிஷம் இரண்டு பேரும் மல்லுக்கட்டிய பிறகுதான் போனில் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது.

அதிலிருந்து, தொலைவிலிருந்து வேலை செய்ய ஒரு கணினியை எப்போதும் ஓடவிட எது நல்ல வழி என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது அணைந்துவிட்டால் யார் போய் பட்டனை அழுத்துவார்கள்? எல்லாரும் அணையாமல் வைத்திருப்பது எப்படி என்றே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அணையாத கணினி உலகத்தில் கிடையாது. கரண்ட் போகும், அப்டேட் வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகும், ஏதோ ஒரு டிரைவர் மென்பொருள் சொதப்பித் திரை உறையும், இல்லையென்றால் என்னைப் போல ஒருவன் தப்பான இடத்தில் கிளிக் செய்வான். விழுந்தால் யார் எழுப்புவது என்ற கணக்கில்தான் கீழே ஒவ்வொரு வழியையும் பார்க்கப் போகிறேன்.

முதல் வழி எல்லாருக்கும் தெரிந்தது. தூங்கவே விடாமல் இருபத்து நாலு மணி நேரமும் ஓடவிடுவது. விண்டோஸில் ஸ்லீப், ஹைபர்னேட் இரண்டையும் நிறுத்த வேண்டும், நெட்வொர்க் கார்டின் அமைப்புக்குள் போய் மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிட வேண்டும். லினக்ஸ் டெஸ்க்டாப் என்றால் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யில் ஸ்லீப் சம்பந்தப்பட்டவற்றை மொத்தமாக முடக்கிவிடலாம். திரை மட்டும் அணைந்தால் பரவாயில்லை. கரண்ட் செலவுதான் யோசிக்க வேண்டியது. வருஷத்துக்கு 8760 மணி நேரம். சும்மா இருக்கும்போதே 50 வாட் இழுக்கிற சாதாரண டெஸ்க்டாப் வருஷம் முழுக்க ஓடினால் 438 யூனிட். அதே வேலையை 10 வாட்டில் முடிக்கிற ஒரு மினி பிசி என்றால் 88 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். விளையாட்டுக்கு வாங்கிய பெரிய கிராபிக்ஸ் கார்டு பெட்டியை, மெயில் பார்க்கவும் நாலு ஃபைல் எடுக்கவும் நாள் முழுக்க ஓடவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஆனால் இந்த வழியின் உயிர்நாடி ஸ்லீப் அமைப்பில் இல்லை, கணினி எழும்போது முதலில் ஓடுகிற பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கிற ஒரே ஒரு வரியில் இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் என்ன செய்வது என்று அது கேட்கும், பெரும்பாலான மதர்போர்டுகளில் மூன்று பதில்கள் இருக்கும்: அணைந்தே இரு, கடைசியாக எப்படி இருந்தாயோ அப்படி இரு, எப்போதும் எழுந்திரு. நிறைய போர்டுகள் முதல் பதிலோடுதான் கடையிலிருந்து வருகின்றன. ராத்திரி ரெண்டு மணிக்கு அரை நொடி கரண்ட் போய் வந்தாலும் போதும், நீங்கள் ஊர் திரும்புகிற வரை பெட்டி செத்துக் கிடக்கும். இரண்டாவது பதில் நியாயமாகத் தெரியும், நானும் ரொம்ப நாள் அதைத்தான் வைத்திருந்தேன். ஆனால் நான் செய்தது போலத் தவறுதலாக ஷட் டவுன் கொடுத்துவிட்டால் அதன் கடைசி நிலை அணைந்த நிலைதானே? அப்புறம் கரண்டைப் பிடுங்கிப் போட்டாலும் எழாது. அதனால் மூன்றாவதையே வையுங்கள். வைத்த கையோடு, ஒழுங்காக ஷட் டவுன் செய்து, வயரைப் பிடுங்கிப் பத்து நொடி பொறுத்துத் திரும்பச் செருகிப் பாருங்கள். எவரும் தொடாமல் உள்ளே நுழைய முடிகிற நிலைவரை அது தானாக வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கே நிற்கிறது என்று திரையைப் பாருங்கள், விசைப்பலகை இல்லை, எஃப்1 அழுத்து என்று ஒரு பழைய போர்டு நின்றுகொண்டிருக்கலாம்.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. போர்டில் காசு மாதிரி ஒட்டியிருக்கிற சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால், நிறையப் பழைய போர்டுகள் கரண்ட் முழுசாகப் போன உடனே பயாஸ் அமைப்பை எல்லாம் மறந்துவிடும், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த அந்த மூன்றாவது பதிலையும் சேர்த்து. அப்படியே எப்படியோ எழுந்தாலும் கடிகாரம் பல வருஷம் பின்னால் போயிருக்கும், தேதி தப்பாக இருப்பதால் பாதுகாப்புச் சான்றிதழ்களை நம்ப மாட்டேன் என்று, வெளியிலிருந்து உள்ளே நுழைகிற பாதுகாப்பான பாதையான விபிஎன் அடம்பிடிக்கும். கணினி ஓடுகிறது, நெட் இருக்கிறது, ஆனால் உள்ளே போக முடியாது. ஒரு முழு சனிக்கிழமை இதில் போனது எனக்கு. அஞ்சு வருஷம் தாண்டிய பெட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அந்த பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது வழி, தூங்கவிட்டு வேண்டும்போது எழுப்புவது, அதாவது வேக்-ஆன்-லேன். கேட்க ரொம்ப அழகாக இருக்கும். நெட்வொர்க் கார்டு மட்டும் அரைத்தூக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும், அதற்கென்று ஒரு மாய பாக்கெட் வந்தால் கணினியை எழுப்பிவிடும். அந்த பாக்கெட்டுக்குள் ஒன்றும் மாயம் இல்லை: எல்லா பிட்டும் ஒன்றாக இருக்கும் ஆறு பைட், அதன் பின்னால் அந்தக் கார்டுக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரி பதினாறு தடவை, மொத்தம் 102 பைட். சிக்கல் எங்கே என்றால் இது அதே வீட்டு நெட்வொர்க்குக்குள் எல்லாருக்கும் கேட்கும்படி போடுகிற கூச்சல், சாதாரணமாக ரவுட்டரைத் தாண்டி வெளியே இருந்து உள்ளே வராது. ஆகவே உள்ளே ஏற்கனவே விழித்திருக்கும் இன்னொன்று வேண்டும், கூச்சல் போடத் தெரிந்த ரவுட்டரோ ராஸ்பெர்ரி பை என்கிற உள்ளங்கை அளவுக் கணினியோ. வைஃபை மூலம் எழுப்புவதை நம்பாதீர்கள், வயர் போடுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தாவிட்டால், ஷட் டவுன் செய்த கணினி பெரும்பாலும் எழாது. பயாஸில் இஆர்பி என்று ஒரு மின் சேமிப்பு அமைப்பு இருக்கும், அதுவும் இயங்கினால் கார்டுக்கே கரண்ட் போகாது.

இத்தனையும் சரி செய்தபிறகும், கரண்ட் முழுசாகப் போய் வந்தால் பல போர்டுகளில் ஒரு தடவை கணினி ஓடி நின்ற பிறகுதான் கார்டு மறுபடி காது கொடுக்க ஆரம்பிக்கும். அதாவது ரொம்பத் தேவைப்படுகிற நேரத்தில் கைவிட்டுவிடும். உறைந்து நிற்கிற கணினிக்கும் இதனால் பிரயோஜனம் இல்லை, தூங்குகிறவனை எழுப்பலாம், கண்ணைத் திறந்துகொண்டே மயங்கிக் கிடக்கிறவனை எழுப்ப முடியுமா? நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் தேவைப்படுகிற, 100 வாட்டுக்கு மேல் இழுக்கிற பெரிய பெட்டிக்கு இது சரி. மற்றபடி நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மூன்றாவது, ஸ்மார்ட் பிளக். முரட்டு வைத்தியம், ஆனால் காசுக்கு ஏற்ற பலன் இதில்தான் அதிகம். பயாஸில் எப்போதும் எழுந்திரு என்று வைத்துவிட்டீர்கள் அல்லவா, இனி போனிலிருந்து பிளக்கை அணைத்து, பத்து இருபது நொடி விட்டுப் போட்டால் கணினி புதிதாக எழும். ஷட் டவுன் ஆகிக் கிடந்தாலும் சரி, திரை உறைந்து நின்றாலும் சரி. அந்த இடைவெளியை விடாமல் உடனே போட்டால் பவர் சப்ளைக்குள் மிச்சம் இருக்கிற மின்சாரத்தில் போர்டு கரண்ட் போனதையே உணராமல் இருக்கலாம், அவசரப்படாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கிற கணினியின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிற வேலை இது என்பதும் ஞாபகம் இருக்கட்டும், பாதி எழுதிய ஃபைல் போகலாம், டேட்டாபேஸ் கெடலாம், அதனால் வேறு எதுவுமே வேலைக்கு ஆகாதபோது மட்டும். வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள், கரண்ட் போய் வந்தால் பிளக் எந்த நிலைக்கு வரும்? அணைந்தே இருக்கும் என்றால் பயாஸில் செய்த அத்தனையும் வீண். அப்புறம், ரவுட்டரை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி, அந்த ரவுட்டர் வழியாகவே அந்த பிளக்கை இயக்கலாம் என்று நினைத்து ஒருநாள் அணைத்தும் பார்த்தேன். அணைந்தது. அவ்வளவுதான்.

நாலாவது வழி கொஞ்சம் பணக்கார வழி, ஆனால் என் கேள்விக்கு நேரடியான பதிலும் இதுதான். கணினிக்குள்ளேயோ பக்கத்திலேயோ இன்னொரு குட்டிக் கணினி இருந்து அதைக் கண்காணிப்பது. சர்வர் போர்டுகளில் இது பிஎம்சி என்ற பெயரில் உடன்பிறந்தே வரும், ஐபிஎம்ஐ என்ற பொது மொழியில் அதனுடன் பேசலாம், டெல் அதை ஐடிராக் என்கிறது, எச்பியிலிருந்து பிரிந்த எச்பிஇ ஐலோ என்கிறது. அலுவலகங்களுக்கென்று விற்கிற சில இன்டெல் கணினிகளில் விப்ரோ (vPro, அந்த ஐடி நிறுவனம் இல்லை) என்ற முத்திரையோடு ஏஎம்டி (AMT, சிப் நிறுவனமான AMD இல்லை) இருக்கும். கணினி அணைந்திருந்தாலும் சுவரிலிருந்து கரண்ட் வந்தால் போதும், இது விழித்திருக்கும், நீங்கள் எங்கிருந்தோ பவர் பட்டனை அழுத்தலாம். விப்ரோ உள்ள பழைய அலுவலகப் பெட்டி கைக்கு வந்தால் விடாதீர்கள். ஆனால் இவற்றை நேராக இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது. 2017-ல் ஏஎம்டியில் வெளியான ஓட்டையில், கடவுச்சொல்லுக்கான பதிலை வெறுமையாக அனுப்பினாலே கதவு திறந்துகொண்டது. விபிஎன்னுக்குப் பின்னால் வைத்தால்தான் நிம்மதி.

உங்கள் போர்டில் இதெல்லாம் இல்லையென்றால் வெளியிலிருந்து மாட்டுகிற கேவிஎம் இருக்கிறது, ராஸ்பெர்ரி பையை வைத்துச் செய்கிற பைகேவிஎம், அதன் பிறகு வந்த நானோகேவிஎம், ஜெட்கேவிஎம் போன்ற சின்னப் பெட்டிகள். கணினியின் எச்டிஎம்ஐ வயர் அதற்குள் போகும், யுஎஸ்பி வழியாக அது தன்னை விசைப்பலகை என்றும் மவுஸ் என்றும் சொல்லிக்கொள்ளும், தனியாக ஒரு சின்ன போர்டு வைத்து, பவர் பட்டனின் இரண்டு ஊசிகளிலும் வயர் கொடுத்துவிட்டால் பட்டனையும் அதுவே அழுத்தும். இதை முதன்முதலில் மாட்டி, பயாஸ் திரையே பிரவுசருக்குள் வந்து நின்றபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மற்ற எல்லா வழியிலும் கணினி எழவில்லை என்பது மட்டும்தான் தெரியும், இதில் ஏன் எழவில்லை என்பது எழுத்துக்கு எழுத்துத் தெரியும். இதுவும் ஒரு கணினிதான், இதற்கும் அப்டேட் உண்டு, உறையவும் செய்யும், அதனால் இதற்குக் கரண்ட் கொடுக்கிற அடாப்டரை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி வைத்திருக்கிறேன். காவலுக்குக் காவல் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஏன் எழவில்லை என்ற கேள்விக்கு நான் அடிக்கடி பார்த்த பதில், டிஸ்க் பூட்டு, அதாவது டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் குறியாக்கி வைப்பது. விண்டோஸின் பூட்டான பிட்லாக்கர், டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பை மட்டும் நம்பி இருந்தால் தானாகத் திறந்துகொள்ளும், பின் நம்பர் வைத்திருந்தால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் யாராவது உட்கார்ந்து தட்ட வேண்டும். பயாஸ் அப்டேட் செய்தால் திடீரென்று 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்பதும் உண்டு. லினக்ஸில் லக்ஸ் பூட்டு போட்டிருந்தால், துவக்கத்திலேயே டிராப்பேர் என்ற குட்டி எஸ்எஸ்எச் சர்வரை (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) ஓடவிட்டு வெளியிலிருந்தே கடவுச்சொல்லைக் கொடுக்கலாம், கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் நன்றாக வேலை செய்கிறது. பூட்டே வேண்டாம் என்று எடுத்துவிடுவது சுலபமான முடிவு, யாராவது பெட்டியையே தூக்கிக்கொண்டு போகிற வரை.

யுபிஎஸ் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். கட்டாயம் வேண்டும், ரவுட்டரையும் அதில்தான் மாட்ட வேண்டும், உள்ளே இருக்கிற லெட்-ஆசிட் பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் தீர்ந்துவிடும், அவ்வளவு எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத பொறி ஒன்று இருக்கிறது. பேட்டரி தீரப்போகிறது என்று யுஎஸ்பி வழியாகச் செய்தி வருகிறது, கணினி ஒழுங்காக ஷட் டவுன் ஆக ஆரம்பிக்கிறது, சரியாக அந்த நிமிஷம் கரண்ட் வந்துவிடுகிறது. கணினியைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை, யுபிஎஸ் விடாமல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. போகாத கரண்ட் எப்படித் திரும்பி வரும்? எப்போதும் எழுந்திரு என்ற அமைப்புக்கு வேலையே வராது, பெட்டி அணைந்தே கிடக்கும். நட் என்று சுருக்கமாக அழைக்கிற நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் இதற்காகவே ஷட் டவுனின் கடைசிக் கட்டத்தில் யுபிஎஸ்ஸுக்கே கட்டளை கொடுத்து வெளியே போகும் கரண்டை ஒரு தடவை வெட்டிப் போடச் சொல்லும். உங்கள் யுபிஎஸ் அந்தக் கட்டளையைக் கேட்கிறதா என்று வாங்குவதற்கு முன்னால் பாருங்கள், கேட்காது என்றால் ஸ்மார்ட் பிளக்கை யுபிஎஸ்ஸுக்கும் கணினிக்கும் நடுவில் மாட்டுங்கள்.

பழைய லேப்டாப் சும்மாதானே கிடக்கிறது, அதை வைத்தால் யுபிஎஸ்ஸே வேண்டாமே என்று கேட்பார்கள். சில மாசத்துக்கு அருமையான யோசனை. மூடியை மூடினால் தூங்காதபடி மாற்றிவிட்டால் சத்தமில்லாமல் ஓடும். ஆனால் எப்போதும் நூறு சதவீத சார்ஜில் சூட்டோடு கிடக்கிற பேட்டரி உப்பும், டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்தவன் நான். சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துகிற வசதி இருந்தால் மட்டும் யோசியுங்கள். பேட்டரி முழுக்கக் காலியாகி அணைந்துவிட்டால் கரண்ட் வந்ததும் தானாக எழுகிற வசதி நிறைய லேப்டாப்களில் கிடையாது, உறைந்து நின்றாலும் ஸ்மார்ட் பிளக்கால் எழுப்ப முடியாது, உள்ளே பேட்டரி இருக்கிறதே.

கடைசி வழி, கணினியே வேண்டாம், எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஒரு விர்ச்சுவல் மெஷினை, அதாவது பெரிய சர்வருக்குள் மென்பொருளால் உண்டாக்கிய ஒரு கணினியை, வாடகைக்கு எடுப்பது. பட்டனை அழுத்துகிற கவலை அவர்களுடையது, பிரவுசரிலிருந்தே ரீஸ்டார்ட் செய்யலாம், கன்சோலும் உண்டு. 99.9 சதவீதம் ஓடும் என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்தால் வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நின்றாலும் அவர்கள் சொல் தவறவில்லை என்று அர்த்தம், 99.99 என்றால் 53 நிமிஷம். நிரல் ஓடுவது, இணையதளம், சின்ன டேட்டாபேஸ் இதற்கெல்லாம் வீட்டில் ஒரு பெட்டியை வைத்துப் போராடுவது வீண் வேலை, வாடகைக்கு எடுங்கள். பெரிய கிராபிக்ஸ் கார்டு, டெராபைட் கணக்கில் சொந்த ஃபைல்கள், பக்கத்திலேயே மாட்டியிருக்க வேண்டிய ஒரு ஸ்கேனரோ கருவியோ, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் வாடகை ஏறிக்கொண்டே போகும், அல்லது அந்தப் பேச்சுக்கே இடம் இருக்காது.

எந்த வழியை எடுத்தாலும் உள்ளே போகிற பாதை இரண்டாக இருக்கட்டும். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழியான ஆர்டிபிக்குரிய 3389 போர்ட்டை ரவுட்டரில் திறந்துவைப்பது மட்டும் வேண்டாம், 2019-ல் வந்த புளூகீப் ஓட்டைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. வயர்கார்டு, டெயில்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன் ஒரு பாதை, வேறு நிறுவனத்தின் ரிமோட் டெஸ்க்டாப் செயலி ஒன்று இன்னொரு பாதை. இரண்டுமே யாரும் லாகின் செய்வதற்கு முன்னாலேயே ஓடத் தொடங்குகிற மாதிரி நிறுவப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ரீஸ்டார்ட் ஆன கணினி லாகின் திரையில் நின்றுகொண்டு உங்களுக்காகக் காத்திருக்கும், நீங்கள் வெளியே நின்றுகொண்டு அதற்காகக் காத்திருப்பீர்கள். திரை மாட்டாத கணினியில் கருப்பாகவோ தீப்பெட்டி அளவிலோ படம் வந்தால் எச்டிஎம்ஐ துளையில், திரை இருப்பதாக நம்பவைக்கும் ஒரு டம்மி பிளக் செருகினால் போதும்.

ஃபயர்வாலையோ நெட்வொர்க் அமைப்பையோ தொலைவிலிருந்து மாற்றும் முன் ஒரு பழக்கம்: பத்து நிமிஷத்தில் ரீஸ்டார்ட் ஆகு என்று முதலில் கட்டளை கொடுத்துவிடுவேன், மாற்றத்தை ரீஸ்டார்ட்டைத் தாண்டி நிற்காதபடி தற்காலிகமாக மட்டும் போடுவேன், இணைப்பு உயிரோடு இருந்தால் ரீஸ்டார்ட்டை ரத்து செய்துவிட்டு மாற்றத்தை நிரந்தரமாக்குவேன். உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்பைக் கவனிக்கும் நெட்பிளானுக்கு இந்த வசதி கூடவே வருகிறது, சோதனையாகப் போட்ட மாற்றத்தை 120 நொடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழையபடி திருப்பிவிடும். லினக்ஸில் வாட்ச்டாக்கையும் இயக்கிவைத்திருக்கிறேன், கணினி உறைந்து அதற்குக் குறித்த நேரத்தில் பதில் சொல்லாவிட்டால் வன்பொருளே ரீசெட் செய்துவிடும்.

சரி, எதை எடுப்பது? பக்கத்தில் நம்பி போன் போட ஒரு ஆள் இருந்தால்: மினி பிசி, வயர் இணைப்பு, எப்போதும் எழுந்திரு, ஒரு ஸ்மார்ட் பிளக், சின்ன யுபிஎஸ். இதற்கு மேல் செலவு செய்யத் தேவையில்லை. ஆளே இல்லாத இடம் என்றால் கேவிஎம்மோ விப்ரோவோ இல்லாமல் வைக்காதீர்கள், ஒரே ஒரு தடவை நேரில் போய் வருகிற செலவிலும் அலைச்சலிலும் அது கழிந்துவிடும். என்னுடையது இப்போது முதல் வகையும் இரண்டாம் வகையும் கலந்தது, கேவிஎம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது, தம்பிக்கு இது விஷயமாக போன் போட வேண்டிய நிலை அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் போன தடவை போனபோது பார்த்தேன், அவன் பவர் பட்டனைச் சுற்றிச் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டு, பக்கத்தில் அம்புக்குறி வரைந்து, "இதுதான்" என்று எழுதிவைத்திருக்கிறான்.